மேல்வீட்டு மதாமிடம் ஒரே மூச்சில்

மாரி, உன் ஐயா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம். கடையில் அடுக்கியிருக்கும் மிளகாய் வத்தல் மூட்டைகள் எங்கள் இருவரையும்விடச் சுகம்; தும்முகிற வேலை எங்களுக்குத்தான், அவற்றுக்கு இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். வழக்கமாக நான்கு வரி எழுதி, ஐந்தாவது வரியில் உன் அம்மாவைக் கேலி செய்து, ஆறாவதில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இந்தத் தடவை அப்படி முடியவில்லை. நான்கு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவே மை இரண்டு தடவை கொட்டிவிட்டது. ஒன்று நான் கொட்டியது. இன்னொன்று, தான் கொட்டவே இல்லை என்று உன் அம்மா சத்தியம் செய்வது.

உன் கடிதம் போன வாரம் வந்தது. ஒரே உறைக்குள் இரண்டு தாள். ஒன்று நீ எழுதியது, இன்னொன்று மாப்பிள்ளை எழுதிச் செருகியது. உன் தாளில், ஐந்தாம் மாதம் நடக்கிறது, ஏழாம் மாதத்துக்குள் பிரான்ஸிலிருந்து கப்பல் ஏறி விருதுநகருக்கு வந்துவிடுகிறேன், தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே என்று எழுதியிருந்தாய். நீ எழுதாமல் விட்டதெல்லாம் மாப்பிள்ளையின் தாளில் இருந்தது. இரண்டாம் மாதத்தில் உனக்கு உதிரம் கண்டது. பிள்ளை பிறக்கும்வரை கப்பலும் கூடாது, ரயிலும் கூடாது என்று மாப்பிள்ளை வேலை பார்க்கும் பிரெஞ்சுப் பட்டாளத்தின் டாக்டர் சொல்லியிருப்பது. மாதத்தில் பத்து நாள் அவரை வெளியூர் முகாமுக்கு அனுப்பிவிடுவது. அந்தப் பத்து நாளும் நீ யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குள் இருப்பது. 'நான் இல்லாதபோது வலி கண்டால் மேல்வீட்டு அம்மாளின் கதவைத் தட்டி ஒரு சொல் சொன்னால் போதும் மாமா. மூன்று பிள்ளை வளர்த்தவர், நல்ல மனுஷி. இவள் தட்ட மாட்டேன் என்கிறாள்' என்று எழுதியிருந்தார். உனக்குத் தெரியாமல்தான் செருகியிருப்பார். அதற்காக அவரைக் கோபிக்காதே. எதையும் சொல்லாமல் மறைக்கிற குடும்பத்தில் பெண் எடுத்தவர், பாவம், வேறு என்ன செய்வார்.

உன் தாளின் கடைசியில் இருந்த நான்கு வரியை உன் அம்மா என்னை எட்டு தடவை வாசிக்கச் சொன்னாள். எனக்கு மனப்பாடமாகிவிட்டது. 'மேல்வீட்டு மதாம் படியில் பார்க்கும்போதெல்லாம் சிரித்து ஏதோ கேட்கிறார். ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை ஐயா. அவர் மகன் கொடுத்த புத்தகத்தில் நான் எழுத்துக் கூட்டிப் படித்த சொல் ஒன்றுகூட அவர் வாயில் வருவதில்லை. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய்விடுகிறது. நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன்.' மதாம் என்றால் அங்கே அம்மா என்று கூப்பிடுவது என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். மற்றது எதுவும் தெரியாது.

உன் அம்மா உனக்காக உள் அறைக்கு வெள்ளை அடித்து முடித்துவிட்டாள். பசும்பாலுக்கு எந்த வீட்டு மாடு என்றுகூடப் பார்த்து வைத்துவிட்டாள். அந்த மாட்டுக்காரனை நான் பார்க்கிறபோதெல்லாம், 'மக எப்ப வருது அண்ணாச்சி?' என்று கேட்கிறான். இப்போதெல்லாம் அந்தத் தெருவழியே நான் போவதில்லை. நீ வர முடியாது, மாரி. இதை எழுதத்தான் முதல் நாள் முழுவதும் ஆயிற்று. வா என்று எழுதக் கை துடிக்கிறது. வராதே என்று எழுத வேண்டியிருக்கிறது.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன். ஒன்று இல்லை, இரண்டு. சின்னதை முதலில் சொல்கிறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன் உன்னை ரயில் ஏற்றிவிட வந்த அன்று, விருதுநகர் ஸ்டேஷனில் நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாய். 'அங்க எல்லாரும் பிரெஞ்சுல பேசுவாகளாம் ஐயா, நான் என்ன செய்வேன்?' என்று மெதுவாகக் கேட்டாய். அந்தப் பாஷையைப் பார்த்து நீ பயப்பட்டது எனக்குச் சிரிப்பாக இருந்தது. நம் கடைக்கு வருகிற குண்டூர் வியாபாரிகளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. இருபது வருஷமாக வியாபாரம் நடக்கிறது. கையின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு அடியில் அவர் விரலை நான் பிடிக்க, என் விரலை அவர் பிடிக்க, விலை படிந்துவிடுகிறது. ஒரு சத்தம் கிடையாது. 'இம்புட்டுத்தானா? கையைக் காட்டு, விரலைக் காட்டு. துண்டுக்கு அடியில உங்கய்யா பேசுன விலையவிடவா அந்த ஊருல பேசிருவாக?' என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். ரயில் போய்விட்டது. உலகத்தில் எத்தனையோ தகப்பன்மார்கள் எத்தனையோ புத்தி சொல்லி மகளை அனுப்புகிறார்கள். வாயை மூடிக்கொண்டு விரலைக் காட்டு என்று சொல்லி அனுப்பியவன் விருதுநகர் வத்தல் வியாபாரி ஒருவனாகத்தான் இருக்க முடியும். நீயும் அதையே பிடித்துக்கொண்டுவிட்டாய். ரொட்டிக் கடையில் இரண்டு விரல், பால்கடையில் ஒரு விரல் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். விரலைக் காட்டினால் ரொட்டி வரும், அம்மா. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு விரல் தெரியாது.

உன் கடிதம் வந்த மறுநாள் சொல்தா மாமா சரக்கு எடுக்க வந்தார். அவரை உனக்குத் தெரியும், காரைக்கால் மளிகைக்காரர், உன் மாப்பிள்ளை வீட்டை நமக்குக் காட்டியவரே அவர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாகச் சைகோன் வரை போய் வந்தவர். சிப்பாயை அவர்கள் சொல்தா என்கிறார்கள், அதனால் ஊர் முழுக்க அவருக்கு அதுவே பெயர். கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு ஒரு பழைய நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். மதாம், எனக்கு வலிக்கிறது, பிள்ளை வருகிறது. இதுதான் வரி. இதை நானே கற்று, உனக்கு எழுத்தில் எழுதி அனுப்பிவிடுவது என்று என் திட்டம். என் மகள் என்னிடம் கற்றால் பயப்பட மாட்டாள் என்று ஒரு நினைப்பு.

நான் ஒவ்வொரு சொல்லாக உருப்போட்டேன். சொல்தா மாமா காதைப் பொத்திக்கொண்டார். "அண்ணாச்சி, நீங்க லாரியிலேருந்து மூட்டை இறக்குறீங்க. தொப், தொப்னு ஒவ்வொண்ணா விழுது. அந்த ஊர்க் காதுல இது ஏறாது. தண்ணி மாதிரி போவணும்." பிறகு விளக்கினார். ஜெ என்றால் நான். ஏ என்பது அதற்கு அடுத்த சொல். இரண்டும் பக்கத்தில் வந்தால் முன்னதன் வால் போய்விடும், ஜே என்று ஒன்றாகிவிடும். பிள்ளைக்கு ஆன்ஃபான் என்று பெயர். அதற்கு முன்னால் லெ என்று ஒரு குட்டிச் சொல் நிற்கும். அதுவும் வாலை இழந்து ஒட்டிக்கொள்ளும், லான்ஃபான். மால் என்றால் வலி, வியான் என்றால் வருகிறது. ஆகக்கூடி, மதாம், ஜே மால், லான்ஃபான் வியான். "இதென்ன பெரிய விஷயம், நாம வந்து இருக்குன்னா சொல்றோம்? வந்திருக்குன்னுதானே சொல்றோம்" என்றேன். "அதேதான் அண்ணாச்சி. ஆனா இன்னொண்ணு இருக்கு, அதுதான் மனுசனைக் கொல்லும்" என்றார்.

அந்த இன்னொன்றைக் கேள். அவர்கள் சொல்லின் கடைசியில் ஓர் எழுத்தை எழுதிவைத்துவிட்டு, சொல்லாமல் விட்டுவிடுவார்களாம். வீட்டில் இருக்கும், வாய் திறக்காது. புதிதாக வந்த மருமகள் மாதிரி. ஆனால் அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால், தூங்கிக்கொண்டிருந்த அந்த எழுத்து எழுந்து வந்து அதைக் கைப்பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் என்று சொல்ல லே, ஆன்ஃபான் என்று இரண்டு சொல். லே தனியாக நிற்கும்போது அதன் கடைசி எழுத்துக்குச் சத்தமே கிடையாது. சேர்த்துச் சொல்லும்போது லேஸான்ஃபான். நடுவில் அந்த 'ஸ' எங்கிருந்து வந்தது என்று உன்னைப்போலப் புத்தகம் பார்த்துப் படித்தவளுக்கு எப்படித் தெரியும்? நீ மக்கு இல்லை, மாரி. தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன், நீ மக்கு இல்லை. அவர்கள் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. அவ்வளவுதான்.

எனக்கு இது பிடிபட ஒரு பகல் முழுக்க ஆயிற்று. உன் அம்மாவுக்கு ஒரு நிமிஷம். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தவள் வெளியே வந்து, "ஏங்க, இது சரம் பின்னுறதுதானே? இதோட திரியை அதுக்குள்ள சொருகணும். நடுவுல எடம் விட்டா தீ அங்கனயே நின்னுரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் சிவகாசியில் வீட்டிலிருந்தபடியே பட்டாசுச் சரம் பின்னிக் கொடுத்தவள் அல்லவா. சொல்தா மாமா எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார். என்னை அவர் ஒருநாளும் கும்பிட்டதில்லை.

மறுநாள் கடையில், மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, நோட்டைப் பார்க்காமல் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். மூட்டை தூக்குகிற கருப்பசாமி, தோளில் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டான். "யாரை அண்ணாச்சி திட்டுறீக?" என்றான். "திட்டலைலே, பிரெஞ்சு" என்றேன். "அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கும் முன் சொல்தா மாமா, ஒரு கள்ளமும் இல்லாமல், "எனக்கு வலிக்குது, பிள்ளை வருதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டார். கருப்பசாமி மூட்டையைக் கீழே போட்டுவிட்டான்.

"ஏலே, ஓடியாங்கலே! அண்ணாச்சிக்கு இடுப்புவலி கண்டுருச்சு!"

எத்தனை மாசம் என்று ஒருவன் கேட்டான். தொந்தியைப் பார்த்தால் ஒன்பது முடிந்திருக்கும்போல என்று இன்னொருவன் சொன்னான். "மருத்துவச்சியக் கூட்டியாரவா அண்ணாச்சி, இல்ல வண்டி கட்டவா?" என்று மூன்றாவது ஆள். எதிர்க்கடை அண்ணாச்சி, கல்லாவை விட்டு எழுந்து வந்து, "மாங்கா ஏதும் திங்கணும்போல இருக்காய்யா?" என்று என் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பஜாரே சிரித்தது. நானும் சிரித்தேன். நாற்பத்தெட்டு வயசு வரைக்கும் இந்தப் பஜாரில் எல்லாரையும்போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தவன் நான். இன்று என் முறை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சாயங்காலம் சொல்தா மாமா, "எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றபோது வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. வரி தெரியும். மனசுக்குள் முழுசாக நிற்கிறது. நாக்குக்கு வருவதற்குள் என் கண் தானாகத் திரும்பி, யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறது. மதாம் என்றேன். அதற்கு மேல் போகவில்லை.

வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்தேன். உன் அம்மா சோற்றை வைத்துவிட்டு, "என்ன, வீடு இம்புட்டு அமைதியா இருக்கு? பஜார்ல யாரும் செத்துட்டாகளா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இப்பத் தெரியுதா?" என்றாள்.

"என்னது?"

"மாரிக்கு ஒம்போது வயசு இருக்கும். கிணத்தடியில துணி அலசிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து நின்னு கேட்டா. 'அம்மா, நான் பேசுனா அசிங்கமா இருக்கா?'ன்னு."

"இத்தனை வருசமா ஏன் எங்கிட்டச் சொல்லல நீ?"

"சொன்னா அதையும் பேசிக் காட்டுவீக."

மாரி, பெரிய தப்பு இதுதான். நீ சின்னப் பிள்ளையில் மூச்சு விடாமல் பேசுவாய். சொல்லுக்குச் சொல் இடமே இருக்காது, பாதிச் சொல்லை முழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவாய். மத்தியானம் தூக்குச்சட்டியில் எனக்குச் சோறு கொண்டுவருவாய். கடை வாசலில் நின்று, 'ஐயா, அம்மா சோறு கொடுத்துவிட்டாக, ஆறுறதுக்குள்ள சாப்பிடுவீகளாம்' என்பதை ஒரே உருட்டாக உருட்டி விடுவாய். ஐயாம்மாசோறுட்டாகாறதுக்குள்ள என்று நான் அதை அப்படியே பேசிக் காட்டுவேன். குண்டூர்க்காரர்கள் உட்பட, தமிழே தெரியாதவர்கள் உட்பட, எல்லாரும் சிரிப்பார்கள். அது தினசரி நாடகம் ஆகிவிட்டது. உன் தலை தெரிந்தாலே, 'அண்ணாச்சி, இன்னைக்கு என்ன சொல்லுதுன்னு பாப்போம்' என்று வேலையை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். நான் அதைப் பாசம் என்று நினைத்தேன். என் மகளைப் பார்க்க இத்தனை பேர் என்று பெருமைகூடப் பட்டேன். ஒருநாள் நீ தூக்குச்சட்டியை வைத்தாய். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாய். மறுநாளும் அப்படியே. 'பாத்தீகளா, எம்மகளுக்குப் பக்குவம் வந்துருச்சு' என்று எல்லாரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு உன்னிடம் எதைக் கேட்டாலும் தலைதான் ஆடும். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று உன் மாமியார், 'பொண்ணு வாயே திறக்கலையே, தங்கம்' என்று மெச்சியபோது என் மீசை ஒரு அங்குலம் வளர்ந்தது. அந்தத் தங்கத்தைத் தட்டான் செய்யவில்லை. நான்தான் அடித்து அடித்துச் செய்தேன்.

இப்போது பார். நான் எதற்காக உன்னைப் பார்த்துச் சிரித்தேனோ, அதே மாதிரி வாலை முழுங்கி, ஒன்றை ஒன்றோடு ஒட்டி, ஒரே உருட்டாகப் பேசுகிற ஊரில் போய் உட்கார்ந்திருக்கிறாய். அங்கே பிறந்திருந்தால் உன்னைக் கெட்டிக்காரி என்றிருப்பார்கள். என் வயிற்றில் பிறந்து தொலைத்தாய். (பிள்ளை வருது என்று பஜாரில் சொன்னவன் இப்படி எழுதலாம்.) நீ அந்த மதாமின் கதவைத் தட்டாததற்குக் காரணம் பிரெஞ்சு இல்லை என்று எனக்கு இப்போது தெரியும். தட்டினால் அந்தக் கதவைத் திறப்பது நான்தான் என்று உனக்குத் தோன்றுகிறது. திறந்து, நீ சொல்வதை அப்படியே பேசிக் காட்டப்போகிற உன் ஐயா. அந்த ஆள் அங்கே இல்லை, மாரி. கடல் தாண்டி, இங்கே, வத்தல் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்குப் போய், எல்லாரும் இருக்கும்போது, வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன். மதாம், ஜே மால், லான்ஃபான் வியான். சிரித்தார்கள். இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது. மறுபடி சொன்னேன். இரண்டாம் நாளும் சொன்னேன், கொஞ்சம் சிரித்தார்கள். மூன்றாம் நாள் சொன்னபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கருப்பசாமி மட்டும் மூட்டையை இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "மக எப்படி இருக்கு அண்ணாச்சி? இந்த வார்த்தை அதுக்குத்தானே?" என்றான். "ஆமாலே" என்றேன். என் நாற்பத்தெட்டு வயசுச் சரக்கில் உனக்குக் கொடுக்க ஒரு புத்திதான் தேறியிருக்கிறது: சிரிப்புக்கு ஆயுசு மூன்று நாள். அந்த மூன்று நாளைத் தாண்டிவிடு. உன்னை ஒன்பது வயசில் தாண்டவிடாமல் தினமும் புதிதாகச் சிரித்தவன் நான். அந்த மதாமுக்கு அவ்வளவு நேரம் இருக்காது.

இனி உன் அம்மாவின் வழக்கு. ஏழாம் மாதம் வளையல் அடுக்க வேண்டும், இல்லையா? இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கண்ணாடி வளையல் வாங்கி வந்துவிட்டாள். பச்சையும் சிவப்பும். வாங்கி வந்து வைத்துக்கொண்டு ஒரே அழுகை. பிள்ளைத்தாய்ச்சி தன் கையால் தானே போட்டுக்கொள்ளக் கூடாது, பிள்ளை பெற்றவள் ஒருத்தி போட்டுவிட வேண்டும், அந்த ஊரில் யார் இருக்கிறாள் என்று. "மாப்பிள்ளை போட்டுவிடட்டுமே" என்றேன். "பட்டாளத்து ஆம்பளை போடுறதுக்குப் பேரு வளைகாப்பா?" என்று என்மேல் பாய்ந்தாள். சரி என்று நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அழுகை நின்றிருந்தது. "மேல்வீட்டுக்காரிக்கு எத்தனை பிள்ளைன்னு மாப்பிள்ளை எழுதியிருந்தாரு?" என்றாள். மூன்று என்றேன். "மூணும் இருக்காமா?" இருக்கிறது என்றேன். வளையலை முந்தானையால் துடைத்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். "அப்ப அவ போடலாம்" என்றாள். அந்தச் சொல்லைச் சொல்ல உன் அம்மாவுக்கு எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். உன் தலைமாட்டில் தான் உட்கார வேண்டிய இடத்தைத் தூக்கி, முகம் தெரியாத ஒருத்திக்குக் கொடுக்கிறாள். வெள்ளையடித்த அறையை அன்றைக்கே பூட்டிவிட்டாள்.

சொல்தா மாமாவின் தங்கை குடும்பம் அடுத்த வாரம் கப்பல் ஏறுகிறது. இந்தக் கடிதமும், உமி நிரப்பிய டப்பாவுக்குள் வளையலும் அவர்களிடம் வருகிறது. உனக்கு இரண்டு டஜன், அந்த அம்மாளுக்கு ஒரு டஜன். அந்த அம்மாள் கையில் ஏறுமா என்று கவலைப்படாதே, உன் அம்மா பெரிய அளவாகத்தான் எடுத்திருக்கிறாள். வெள்ளைக்காரிகளுக்கெல்லாம் மணிக்கட்டு தடிமனாக இருக்கும் என்று அவள் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறு. வலி வரும்வரை காத்திருக்காதே. வலியில் புதுக் கதவைத் தட்ட யாருக்கும் தைரியம் வராது. நன்றாக இருக்கும்போதே, பகலில், மாப்பிள்ளை இல்லாத ஒருநாள் பார்த்து நீயாகத் தட்டு. என்ன சொல்வது என்று கேட்பாய். அதற்கும் சொல்தா மாமாவிடம் ஒரு வரி வாங்கி வைத்திருக்கிறேன். என் அம்மா இங்கே இல்லை. மா மேர் நெ பாஸிஸி. பா, இஸி என்று தனித்தனிச் சொல்தான், நடுவில் அந்தத் தூங்குமூஞ்சி எழுத்து எழுந்து வந்து இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. அறுந்தாலும் பரவாயில்லை. அவர் சிரித்தாலும் நகராதே. நீ அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு வளையலைக் காட்டினால், மூன்று பிள்ளை பெற்ற எந்த ஊர்க்காரிக்கும் மற்றது புரியும். அப்புறம், வலி வருகிற அன்று சொல்ல வேண்டிய வரியை அவரிடமே பத்து தடவை சொல்லிப் பழகு.

நேற்றுக் காலை உன் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து, வளையலுக்கு நடுவே உமியைத் திணித்துக்கொண்டிருந்தாள். நான் கடைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிக்கொண்டு நின்றேன். தனக்குத் தானே ஏதோ சொல்வது கேட்டது. மா ஃபீய் நெ பாஸிஸி. உன் வரி இல்லை அது, ஒரு சொல் மாறியிருந்தது. "இது யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "எழுதிக் கொடுக்க என்ன இருக்கு? மகளுக்கு என்ன சொல்லுன்னு மட்டும் அந்த அண்ணன்கிட்டக் கேட்டுக்கிட்டேன்" என்றாள். என் மகள் இங்கே இல்லை. "இங்கன யார்கிட்டச் சொல்லப் போற அதை?" என்றேன். அவள் டப்பாவை மூடிவிட்டு இன்னொரு தடவை சொன்னாள். ஒரு இடத்தில்கூட நிற்காமல் ஒரே மூச்சில் வந்தது. நானும் சொல்லிப் பார்த்தேன். எனக்கு நடுவில் அறுந்துபோனது.

உன் ஐயா